காலைச் சர்க்கரை

ஜம்புலிங்கத்தின் சர்க்கரை தீபாவளிக்குக்கூட ஏறவில்லை. சந்தேகம் அங்கேதான் ஆரம்பித்தது.

சந்தேகம் எனக்கு வந்ததாக யாரும் நினைத்துவிட வேண்டாம். எனக்கு வந்தது பசி. சந்தேகப்பட்டது விஜயகுமாரி அக்கா. கப்பல் டிக்கெட் கவுன்டரில் வருஷக்கணக்காக உட்கார்ந்து, "மேடம், அம்மா சீரியஸ், ஒரே ஒரு பர்த்" என்று கெஞ்சுகிறவர்களில் யாருடைய அம்மா நிஜமாகவே சீரியஸ் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போர்ட் பிளேர் ஷாதிபூரில் ஒரு ரீசார்ஜ் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்துவிட்டார். நான் உதவியாளன். பெயர் செந்தமிழன். பெயரை வைத்த அப்பா, நான் போர்ட் பிளேரில் பெங்காலிப் பிள்ளைகளோடு ஹிந்தியில் சண்டை போட்டு வளரப்போகிறேன் என்பதை யோசிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால் ஹிந்திதான் வரும். பயம் வந்தாலும் ஹிந்திதான். தமிழ் வருவது சாப்பாட்டு நேரத்தில் மட்டும்.

லேப்டாப் திரையில் ப்ரியங்கா இருந்தாள். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. போன மாதம் அவளுடைய அப்பா ஜம்புலிங்கம் கராச்சர்மாவில் வீட்டு வாசலில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே போய்விட்டார். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது என்றார்கள்.

"ஏறவே முடியாது மேடம்," என்றாள் ப்ரியங்கா. "தினமும் காலையில அப்பா சுகர் டெஸ்ட் பண்ணி, மெஷினைப் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸப்ல அனுப்புவாரு. ஒருநாள்கூட தப்பினதில்லை. நான் கிராஃபே போட்டு வெச்சிருக்கேன் பாருங்க."

திரையில் கிராஃப் வந்தது. தொண்ணூறுக்கும் நூறுக்கும் நடுவில் கோடு நேராகப் போனது, நல்ல தார் ரோடு மாதிரி.

"அப்படியே இருந்தவருக்கு ஒரே நாள்ல எப்படி ஏறும்? அந்த வாரம் புது இன்சுலின் வாங்கினாரு. தெருமுனை மெடிக்கல்ல. கோகுல்னு ஒருத்தன். கரண்ட் போனப்ப மருந்தை வெளியில வெச்சுக் கெடுத்திருக்கான். அதை என் அப்பாவுக்கு வித்திருக்கான். நாளைக்கு மதியம் நான் ஆன்லைன்ல புகார் கொடுக்கப் போறேன். அதுக்கு முன்னாடி எனக்கு ஆதாரம் வேணும்."

குரலில் அழுகையே இல்லை. அழுகையை எங்கோ லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து பேசுகிற மாதிரி இருந்தது.

அக்கா கிராஃபையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா வாய்ஸ் மெசேஜும் அனுப்புவாரா?"

"அனுப்புவாரு. எல்லாம் உங்களுக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டேன்."

அழைப்பு முடிந்ததும் அக்கா ஒரு வாய்ஸ் மெசேஜை ஓட்டினார். கிழவரின் குரல் கரகரவென்று சிரித்தது. 'அம்மாடி, ஹேப்பி தீபாவளி. பக்கத்து வீட்டுல அதிரசம் கொண்டாந்தாங்க. நீ திட்டுவே. இருந்தாலும் சொல்லிடறேன், தட்டு காலி.'

"மறுநாள் காலை சுகர் எவ்வளவுலே?"

போட்டோவைப் பார்த்தேன். "தொண்ணூத்தாறு."

"தட்டு நிறைய அதிரசம். தொண்ணூத்தாறு." அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "ஏலே தமிழு, இந்த மெஷின் பொய் சொல்லுது, இல்ல மனுஷன் பொய் சொல்லியிருக்காரு. எதுன்னு பாத்துட்டு வருவோம்."

"காலையிலயா?"

"காலையில எடுத்த போட்டோவைப் பத்தி ராத்திரியா விசாரிப்பாங்க?"

எனக்கும் மருத்துவ அறிவு உண்டு. தலைவலி வந்தால் போனில் தேடுவேன். வாரம் ஒருமுறை மூளைக் கட்டி வந்து, சாம்பார் சாதம் சாப்பிட்டதும் போய்விடும். ஆகவே, "மெஷின் பேட்டரி வீக்கா இருக்கும்," என்று நிபுணர் கருத்துச் சொல்லிப் பார்த்தேன். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் விடிந்ததும் கராச்சர்மா பஸ்ஸில் இருந்தோம்.

*

மெடிக்கல் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே ஸ்டூலில் கோகுல் உட்கார்ந்திருந்தான். முப்பது வயதிருக்கும். ஒரு வாரமாக ஷேவ் செய்யாத முகம்.

"போலீஸா?" என்றான்.

"நான் போலீஸ்னா இந்தத் தொப்பையை ஏத்துக்குவாங்களா பாய்?" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

"என் கடை போட்டோவை ஏரியா குரூப்ல போட்டு, 'இங்க மருந்து வாங்காதீங்க, உயிருக்கு ஆபத்து'ன்னு எழுதிட்டாங்க மேடம். யார் போட்டதுன்னுகூடத் தெரியல. என் மாமியாருக்கே அது ஃபார்வர்ட் ஆயி வந்துச்சு. பிரஷர் மாத்திரை வாங்க வர்றவங்க இப்போ பஸ் ஏறி டவுனுக்குப் போறாங்க. கண் முன்னாடியே போறாங்க." ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினான். "கரண்ட் போனா ஐஸ் பெட்டியில வைப்பேன். ஜம்புலிங்கம் ஐயா வாங்கின அதே பேட்ச் இன்சுலினை இன்னும் ரெண்டு பேர் வாங்கினாங்க. நல்லாத்தான் இருக்காங்க. ஆனா சொல்றதைக் கேட்க ஆள் வேணுமே."

அக்கா வெளியே வந்து ஜம்புலிங்கத்தின் வீட்டைப் பார்த்து நடந்தார். மேடு. நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனேன்.

வீடு பூட்டிக் கிடந்தது. குன்றின் மேற்குச் சரிவில், முதுகைக் குன்றோடு ஒட்டிக்கொண்டு நின்ற தகரக் கூரை வீடு. நம் தீவில் சூரியன் விடியுமுன்னே ஆபீஸுக்கு வந்துவிடும். அந்நேரத்துக்குக் கீழே ரோடு முழுக்க வெயில். ஆனால் இந்த வீட்டின் மேல் குன்றின் நிழல் போர்வை மாதிரி கிடந்தது.

"சிலுசிலுன்னு நல்லா இருக்குக்கா. வாடகைக்கு வருமா?"

"போட்டோவை எடு."

எடுத்தேன். மெஷினின் சின்னத் திரை, அதில் எண், அவ்வளவுதான். படத்தில் வேறு எதற்கும் இடமில்லை. திரையின் ஓரத்தில் மட்டும் கண் கூசுகிற மாதிரி வெள்ளையாக ஒரு பளபளப்பு.

"இது என்ன?"

"வெயில் பட்டிருக்கு."

"இந்த வீட்டுல காலை வெயில் எங்கேலே இருக்கு?"

சுற்றிப் பார்த்தேன். ஒரு கோழி நிழலில் நின்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

"அடுத்த போட்டோ. அதுக்கடுத்தது." ஒவ்வொன்றிலும் வெயில். "தினமும் காலையில மனுஷன் சுகர் பார்க்க வீட்டை விட்டு எங்கேயோ போயிருக்காரு. வீட்டுல உட்கார்ந்து குத்திக்கிற ஊசிக்கு எதுக்கு வெளியூர்ப் பயணம்?"

மேட்டிலிருந்து கீழே பார்த்தோம். பஸ் ஸ்டாப். அதன் பக்கத்தில் கிழக்கே பார்த்த ஒரு டீக்கடை. வெளியே போட்டிருந்த மேஜை மேல் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது.

*

கடைக்காரம்மா பேச்சியம்மா. அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து கச்சால் தீவில் ரப்பர் பால் எடுத்தவர்கள். இதையெல்லாம் டீ ஆற்றுகிற நேரத்துக்குள் அவரே சொல்லிவிட்டார். மேஜையில் பெரியவர் ஒருவர் பேப்பரை வெயிலுக்குப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். சற்றுத் தள்ளி, திண்டு மாதிரி தோளும் முரட்டுக் கைகளுமாக இன்னொருவர் சும்மா உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. கடையில் கூட்டம்தான், ஆனாலும் யாரும் அதில் உட்காரவில்லை.

அக்கா கண்ணைக் காட்டினார். நான் நடிப்பை ஆரம்பித்தேன்.

"ஒரு டீம்மா. சக்கரை வேண்டாம்."

"சுகருங்களா தம்பி?"

"ஆமா. தினமும் செக் பண்ணச் சொல்லியிருக்காங்க."

"புள்ளைங்க மெயின்லேண்ட்லயா?"

"எனக்குக் கல்யாணமே ஆகலைம்மா."

பேச்சியம்மா என்னை உண்மையான குழப்பத்தோடு பார்த்தார். "அப்ப யாருக்குக் காட்ட செக் பண்றீங்க?"

பேப்பர் பெரியவர் சட்டென்று பேப்பரை இறக்கினார். "பேச்சி, பஸ்!" என்றார் எச்சரிக்கையாக. எந்த பஸ்ஸும் வரவில்லை. 'போதும்' என்பதற்கு இந்த ஊர் ஹிந்தியில் அதுதான் வார்த்தை.

அக்கா எழுந்து அந்த மேஜைக்குப் போனார். தன் போனில் ஜம்புலிங்கம் அனுப்பிய போட்டோவைத் திறந்து, மேஜை மேல், வெயில் விழுகிற இடத்தில் வைத்தார்.

"இங்க வெச்சுத்தானே எடுப்பீங்க?" என்றார் மெதுவாக. "நான் சண்டை போட வரலை. ஜம்புலிங்கம் ஐயாவோட பொண்ணு கேக்குது."

ஆற்றிக்கொண்டிருந்த டீ பேச்சியம்மாவின் கையிலேயே நின்றுவிட்டது.

பேப்பர் பெரியவர்தான் பேசினார். அவர் முனியாண்டி. துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மகன் பெங்களூரில்.

"மெஷின் ஜம்புவோட மக வாங்கி அனுப்புனது. எனக்கும் பேச்சிக்கும் சுகர்தேன். எங்க புள்ளைகளும் தெனம் போட்டோ கேக்கும். சரி, ஒண்ணா உக்காந்து பாப்பம்னு ஆரம்பிச்சோம். நூத்தித் தொண்ணூறுன்னு அனுப்புனா என் மகன் உடனே போன். என்ன தின்ன, ஏன் தின்ன, யாரைக் கேட்டுத் தின்ன? விசாரணைக் கமிஷன் மாதிரி. அதனால யாருக்குக் கம்மியா இருக்கோ அந்தப் போட்டோவை மூணு பேரும் அனுப்பிக்கிறதுன்னு முடிவு பண்ணுனோம்."

"ஒரே போட்டோ. மூணு வீடு," என்றேன்.

"மூணு பேருக்குமே ஏறிப்போன நாளும் வந்துச்சு தம்பி," என்றார் பேச்சியம்மா. "அன்னிக்கு விளையாட்டாத்தான் உதயண்ணன் விரலைக் குத்தினோம்."

முரட்டுக் கைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். உதயசூரியன். கப்பலில் கயிறு இழுக்கிற கலாசியாக இருந்தவர். சர்க்கரை, பிரஷர், ஒன்றும் கிடையாது.

"தொண்ணூத்தி நாலு!" என்றார் முனியாண்டி. அந்த எண்ணைச் சொல்லும்போது இப்போதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. "அன்னைக்கு என் மகன் பூவாப் போட்டு அனுப்புனான். 'சூப்பர்ப்பா, ஐ லவ் யூப்பா'ன்னான். பொறந்ததுலேருந்து அவன் அப்படிச் சொன்னதில்லை. அப்புறம் எப்படி நிறுத்துறது, சொல்லுங்க?"

நான் எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்திருக்க வேண்டிய இடம் அது. விட்டுவிட்டேன்.

"நீங்க யாருக்கு அனுப்புவீங்க ஐயா?" என்று அக்கா உதயசூரியனைக் கேட்டார்.

"எனக்கு யாரு இருக்கா மேடம்?" அவர் தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டார். எல்லாவற்றிலும் கரும்புள்ளிகள். "கப்பல் கப்பலாச் சுத்தினேன். குடும்பம்னு ஒண்ணு அமையலை. இங்க தினமும் மூணு பிள்ளைங்க என் ரத்தத்தைப் பார்த்துட்டு நல்லா இருங்கன்னு எழுதும். இவங்க எனக்குப் படிச்சுக் காட்டுவாங்க. அதைக் கேட்டுட்டுத்தான் டீ குடிப்பேன்." நடுவில் காலியாக இருந்த நாற்காலியின் முதுகைத் தொட்டார். "ஜம்பு கடைசியில தன் விரலைக் குத்திக்கிறதையே விட்டுட்டான். 'உன் நம்பர் வந்தப்புறம் என் நம்பர் எதுக்கு'ன்னுவான். நான் அடிச்சாவது சொல்லியிருக்கணும்."

கோகுலின் இன்சுலின் கெட்டுப்போகவில்லை. அந்த மனுஷன் தன் உடம்பைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டிருந்தார். கேஸ் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நான் நினைப்பது வழக்கம்போல் தப்பு.

"ஐயா, உங்க மகனுக்கு அனுப்பின படத்தைக் காட்டுங்க," என்றார் அக்கா. "அதே தொண்ணூத்தாறு, தீபாவளி மறுநாள்."

முனியாண்டி போனைத் தேய்த்துத் தேய்த்து எடுத்துக் கொடுத்தார். அதே எண். அதே வெயில். ஆனால் படம் பெரிதாக இருந்தது. மெஷினைச் சுற்றி டீ கிளாஸ்கள், பாதி கடித்த வடை, மெஷினைப் பிடித்திருந்த ஒரு கை. மணிக்கட்டில் உள்ளங்கை அகலத்துக்கு நங்கூரம் பச்சை குத்தியிருந்தது. நான் உதயசூரியனின் கையைப் பார்த்தேன். அதே நங்கூரம்.

"இதே படம்தான் ஜம்புலிங்கம் ஐயா போன்லேருந்தும் போச்சா?"

"எடுக்கிறது நான். மத்தவங்களுக்கு அமுக்கி அனுப்பிக் குடுக்கிறதும் நான்தேன். ஜம்புவுக்கு போன்ல பேச மட்டுந்தேன் தெரியும்."

"வெட்டிச் சின்னதாக்கி அனுப்பினீங்களா?"

"வெட்டுறதா? அதெல்லாம் எனக்கு எங்க தெரியும்? நம்பரைத்தானே பாக்கப் போறாங்க."

அக்கா தன் போனையும் அவர் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். டிக்கெட் கவுன்டரில் நிஜமாகவே அம்மா சீரியஸாக இருக்கிற ஆள் வந்து நிற்கும்போது அக்காவின் முகம் இப்படித்தான் ஆகியிருக்க வேண்டும். பிறகு ப்ரியங்காவுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

*

நடந்ததையெல்லாம் அக்கா சொன்னார். எதையும் மெழுகவில்லை, எதையும் கூட்டவுமில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் ப்ரியங்கா. அப்பா அனுப்பின படத்துல ஒரு கை இருந்துச்சு. நங்கூரம் குத்தின கை. நீ எங்களுக்கு அனுப்பின படத்துல அது இல்ல."

டீக்கடை அடுப்பு மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"நான்தான் வெட்டினேன்," என்றாள்.

"எப்போ?"

"தினமும். வந்த உடனே." லாக்கர் திறந்துவிட்டது. "முதல் நாளே தெரிஞ்சிடுச்சு மேடம். அப்பா கை எனக்குத் தெரியாதா? ஆனா கேட்டா, அவரு உண்மையைச் சொல்லிடுவாரு. சொன்னா நான் கூட்டிட்டு வரணும். ரெண்டே ரூம். மாமனார் மாமியார் ஒரு ரூம்ல. நாங்களும் குழந்தையும் ஒரு ரூம்ல. அப்பாவை எங்க படுக்க வைப்பேன்? அவரும் வரமாட்டேன்னுதான் சொல்லிட்டு இருந்தாரு. அவரு வரமாட்டேன்னு சொன்னது எனக்கு வசதியா இருந்துச்சு. அதான் அந்தக் கையை வெட்டிட்டு, நம்பரை மட்டும் கிராஃப்ல போட்டேன். கிராஃபைப் பார்த்துப் பார்த்து நானே நம்பிட்டேன்."

பேச்சியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"கோகுல்?" என்றார் அக்கா.

"யாராவது ஒருத்தன் வேணும்னு இருந்துச்சு. அவன் இல்லைன்னா நான்னு ஆயிடும்." மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "குரூப்ல போட்டதும் நான்தான். அழிச்சிடறேன். அவர்கிட்ட நானே பேசறேன். புகார் எதுவும் இல்ல." வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "மேடம், அந்தக் கை... அவரு அங்க இருக்காரா?"

அக்கா போனை உதயசூரியன் பக்கம் தள்ளினார். அத்தனை பெரிய மனுஷன் ஏதோ சுடுகிற பாத்திரத்தைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார்.

"இருக்கேம்மா."

"அப்பா கடைசியா அவர் விரலைக் குத்திப் பார்த்தப்போ எவ்வளவு இருந்துச்சு?"

அவர் முனியாண்டியைப் பார்த்தார். முனியாண்டி ரோட்டைப் பார்த்தார்.

"நானூத்திப் பத்தும்மா."

"அன்னைக்கு எனக்கு எவ்வளவு அனுப்பினீங்க?"

"தொண்ணூத்தி ரெண்டு."

"அதுக்கு நான் என்ன பதில் போட்டேன்?"

"கட்டை விரல்," என்றார் உதயசூரியன். "கட்டை விரலும், ஒரு சிரிச்ச மூஞ்சியும். ஜம்பு அதை அன்னைக்கு முழுக்கப் பார்த்துட்டு இருந்தான்."

அதற்கப்புறம் அவள் அழுதாள். யாரும் போனை எடுக்கவில்லை, அணைக்கவுமில்லை. வெயில் மேஜையின் நடுவுக்கு வந்துவிட்டது. பஸ் வந்து, ஆளை ஏற்றிக்கொண்டு போயிற்று. அழுகை தானாக ஓய்ந்தபின், உதயசூரியன் அந்த போன் பக்கமாகக் குனிந்து, "சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

*

முனியாண்டி தன் போனிலிருந்த படத்தை மறுபடியும் திறந்து வைத்திருந்தார். எண்ணைப் பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப என் மகனும் இதைப் பாத்திருப்பானா தம்பி?" என்று என்னைக் கேட்டார்.

"நம்பரைத்தான் பார்த்திருப்பான் ஐயா," என்றேன். பொய் சொல்லும்போது எனக்குத் தமிழ் நன்றாகவே வருகிறது.

அவர் பேப்பரை மடித்து மேஜையில் வைத்துவிட்டு எழுந்தார். ரோட்டைக் கடந்து நேரே மெடிக்கலுக்குப் போனார். குனிந்து, பாதி ஷட்டருக்குள் நுழைந்தார். நாங்களும் பின்னால் போனோம். கோகுல் எழுந்து நின்றான். யார் அடிக்க வந்திருக்கிறார்களோ என்கிற மாதிரி நின்றான்.

"மெஷின் இருக்காப்பா?" என்று ஸ்டூலில் உட்கார்ந்து விரலை நீட்டினார் முனியாண்டி. "எனக்கே எனக்குப் பாக்கணும்."

கோகுல் அவரைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியை எடுத்தான். ஊசி இறங்கும்போது நான் சுவரிலிருந்த இருமல் மருந்து விளம்பரத்தைக் கவனமாகப் படித்தேன். எண் வந்தது. முந்நூற்று முப்பது.

"டாக்டரைப் பாக்கணும் ஐயா, இன்னைக்கே," என்றான் கோகுல்.

"பாக்கலாம். அதுக்கு முன்னால ஒரு வேலை இருக்கு." முனியாண்டி போட்டோ எடுக்கவில்லை. மகனை நேராகவே கூப்பிட்டார். மணி அடித்து எடுத்ததும், "டேய், திட்டுறதுன்னா அப்புறம் திட்டு. இப்பக் கேளு. சுகர் முந்நூத்தி முப்பது," என்றார்.

நெட்வொர்க் போய்விட்டதென்றே நினைத்தேன். அப்புறம் அந்த மகன் ரொம்ப மெதுவாகக் கேட்டான்.

"யாருதுப்பா இது?"

கிழவரின் உதடு கோணிக்கொண்டது. பஞ்சை விரலில் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"என்னுதுதான்டா," என்றார். "இன்னைக்கு என்னுது."